ஆனைக்கழிக்கு வந்த கடைசி வண்டி

ஆனைக்கழி ரயில்வே ஸ்டேஷன் மூடப்பட்டது ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை என்றும், அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு வந்து சேர வேண்டிய கடைசி வண்டி ஆறு வருஷம் எட்டு மாதம் தாமதமாக வந்து சேர்ந்தது என்றும் இலாகாவின் காகிதத்தில் எழுதியிருக்கிறது. முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை எழுதின கை யாருடையது, எதற்காக எழுதியது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் தண்டவாளத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் உப்பளத்துச் சாத்தையாவின் மகள், இருளாயி. அந்த வண்டி புறப்பட்டபோது எனக்கு ஒன்றரை வயது, என் ஆத்தா சோலையம்மா அந்த வண்டியில் இருந்தாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு ஏற்றிப் போவதற்காகப் போட்ட லைன் அது. தெற்கே டவுனிலிருந்து கிளம்பி, கூத்தன்ஓடையைத் தாண்டி, ஒன்பது மைல் உடைமரக் காட்டுக்குள் வந்து, எங்கள் ஊரில் கழிமுகத்துச் சேற்றைப் பார்த்ததும் நின்றுவிடும். அதற்கு வடக்கே ஆள் இறங்கினால் கழுத்து வரைக்கும் உள்ளே இழுக்கிற சகதி. லைன் ஊரை இரண்டாக அறுத்துக்கொண்டு கிடந்தது. மேற்கே வீடுகள், உப்பளம், கோயில், கிணறு. கிழக்கே ஸ்டேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ரோடு, சுடுகாடு. நடுவில் ஒரு ரயில்வே கேட், அதை ஏற்றி இறக்க முத்துராக்கு என்று ஒரு கேட் கீப்பர். அவள் புருஷன் அதே லைனில் கல் கொத்துகிற வேலையில் இருந்து வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனதால் அந்த வேலை அவளுக்கு வந்தது, பொழுதன்னிக்கும் அந்தத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற தண்டனையும் கூடவே வந்தது.

உப்பு லாரியில் போக ஆரம்பித்த பிறகு லைனை மூடுவது என்று முடிவானது. மூடுகிற அன்று ஸ்டேஷனில் வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, கடைசி வண்டியின் இஞ்சினுக்குப் போட ஆள் உயர மாலை வாங்கி வைத்திருந்தார்கள். பெரிய அதிகாரி ஒருத்தர் காரில் வந்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் ஞானாபரணம் ஐந்து பன்னிரண்டுக்குக் கூத்தன்ஓடைக்கு லைன் கிளியர் கொடுத்தார். லைன் கிளியர் என்றால் ஒன்றுமில்லை, ஒரு ஸ்டேஷன்காரர் அடுத்த ஸ்டேஷன்காரருக்கு, ‘வண்டியை அனுப்பு, நான் இங்கே இருக்கிறேன், வாங்கிக்கொள்கிறேன்’ என்று கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கை நம்பி வண்டி கூத்தன்ஓடையை விட்டது, முத்துராக்கு இங்கே கேட்டை இறக்கினாள். அதிகாரிக்கு இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று அவசரம். “வண்டி வர்றப்ப வரட்டும்யா, அந்த ரிஜிஸ்டரக் கொண்டா, கையெழுத்துப் போட்டுட்டு நான் கிளம்புறேன்” என்றார். முப்பது வருஷமாக அதிகாரி சொல்லுக்கு மறுசொல் சொல்லாத ஞானாபரணம் கொண்டுவந்தார். ஐந்து இருபத்திரண்டுக்கு ‘ஸ்டேஷன் மூடப்பட்டது’ என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார்கள். வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவர் பத்தாவது நிமிஷத்தில் நான் இல்லை என்று எழுதிவிட்டார். வண்டி அப்போது காட்டுக்குள் பாதி வழியில் இருந்தது. வந்து சேர வேண்டிய ஸ்டேஷன் காகிதத்தில் இல்லாமல் போனதால் வண்டியால் வந்து சேர முடியவில்லை.

ஐந்து நாற்பதுக்குத் தண்டவாளம் அதிர்ந்தது. ஊதல் கேட்டது. மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். சத்தம் உடைமர வளைவு வரைக்கும், அதாவது கேட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் வரைக்கும் வந்தது. பெட்டிகள் தடதடவென்று ஆடுவதும், சன்னல் மரம் தட்டுவதும், உள்ளே ஆட்கள் பேசுவதும் தெளிவாகக் கேட்டது. வண்டி மட்டும் இல்லை. இரண்டு நிமிஷம் போல அப்படிக் கேட்டுவிட்டுச் சத்தம் அடங்கியது. மேளக்காரர்கள் கொஞ்ச நேரம் சும்மா வாசித்துவிட்டு நிறுத்தினார்கள். மறுநாள் ஐந்து நாற்பதுக்கும் அப்படியேதான், அதற்கு மறுநாளும்.

கேட்டும் திறக்கவில்லை. வண்டி கடக்காமல் கேட் திறக்காது என்பது சட்டம், அந்தச் சட்டத்தை எங்கள் ஜனம் என்றைக்கும் மதித்ததில்லை, கேட் இறங்கியிருந்தால் முதுகை வளைத்து அடியில் புகுந்து போகிற பரம்பரை நாங்கள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படிப் புகுந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தால் கிளம்பின பக்கத்திலேயே, வீட்டைப் பார்த்த முகமாக நின்றார்கள். நுழைந்த ஆடுகளும் நுழைந்த பக்கமே திரும்பி வந்தன. எறிந்த கல் எறிந்தவன் காலடியில் விழுந்தது. தெற்கே போய்க் காட்டுக்குள் எந்த இடத்தில் தாண்டினாலும் அதே கதைதான். காற்றும் பேச்சும் மட்டும் தடையில்லாமல் போய் வந்தன. கூத்தன்ஓடை வரைக்கும் ஒன்பது மைல் நடந்து, அங்கே ஸ்டேஷனுக்குத் தெற்கே லைனைத் தாண்டி, மறுபடி ஒன்பது மைல் வந்தால் எதிர்ப்பக்கத்துக்கு வரலாம். கடைசி வண்டியைப் பார்க்கப் போன சாக்கில் வெற்றிலை வாங்கக் கிழக்கே நின்றுவிட்ட சங்கிலிப்பிள்ளை, “என்ன செய்ய, கேட்டு அடைச்சிருக்கே” என்று ஒரு வருஷம் பெண்டாட்டிக்குக் கேட்டருகே நின்று ஆறுதல் சொன்னார், அப்புறம் கிழக்கிலேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார். மனசிருந்தால் ஒரு நாள் நடையில் வந்திருக்கலாம்.

இலாகாவுக்கு மனு போனது. அங்கிருந்து ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. கூத்தன்ஓடைக்கும் ஆனைக்கழிக்கும் இடையில் வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதால் அந்த ஒன்பது மைல் தண்டவாளத்தை இப்போதைக்குப் பிடுங்க இயலாது. வண்டி வந்து சேர்ந்ததும் தெரியப்படுத்தவும். ஸ்டேஷன் மூடியாகிவிட்டபடியால் அதைத் தெரியப்படுத்த வேண்டியவர் யார் என்று அதில் எழுதவில்லை. முத்துராக்குவின் கேட் வேறொரு பிரிவின் கணக்கில் இருந்ததால் அதை மூட யாரும் நினைக்கவில்லை. பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் மேற்குப் பக்கத்துத் தகர அறையும் ரிஜிஸ்டருமாக அவள் மட்டும் வேலையில் இருந்தாள்.

ஜனம் எதற்கும் பழகிக்கொள்ளும். கிழக்கே மாப்பிள்ளை, மேற்கே பெண் என்று ஏற்கெனவே நிச்சயமான கல்யாணத்தை யாரும் தள்ளிப்போடவில்லை. கேட்டின் அந்தப் பக்கம் மாப்பிள்ளை மாலையோடு நிற்க, இந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவன் அக்காள் அவனுக்காகத் தாலி கட்டினாள். எப்படியும் இரண்டாவது முடிச்சும் மூன்றாவது முடிச்சும் நாத்தனார் போடுவதுதானே, முதல் முடிச்சையும் சேர்த்துப் போட்டுக்கொள் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்புறம் பெண்ணை மாட்டுவண்டியில் ஏற்றிக் கூத்தன்ஓடை வழியாக அனுப்பினார்கள். வாத்தியார் கிழக்கில் நின்று வாய்ப்பாடு சொல்ல, மேற்குப் பிள்ளைகள் கேட்டுக்கு இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்து திருப்பிச் சொன்னோம். பிணத்தைச் சுமந்துகொண்டு பதினெட்டு மைல் போக முடியாது என்பதால், மேற்கே உப்பு அம்பாரம் போட்டிருந்த பழைய களத்தில் புதைத்தார்கள். அந்த மண்ணில் உப்பு எவ்வளவு ஏறியிருந்தது என்பது, மூன்று வருஷம் கழித்துப் பக்கத்தில் இன்னொரு குழி வெட்டியபோது அங்கே புதைத்திருந்த என் தாத்தாவின் முகம் மீசையோடு அப்படியே இருந்ததில்தான் தெரிந்தது. பெண்கள் அன்றைக்கு மறுபடியும் மாரடித்தார்கள், ஆண்கள் மண்ணை மூடிவிட்டுக் கள்ளுக்குப் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஐந்து நாற்பது இருந்தது. வண்டியில் முப்பத்தொரு பேர். அந்த முப்பத்தொரு வீட்டு ஆட்களும் தினமும் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் மாதங்களில் பழைய பேச்சே திரும்பத் திரும்பக் கேட்டது என்று அப்பா சொல்வார். அதற்குப் பிறகு பேச்சு வளர ஆரம்பித்தது. வண்டிக்குள் ஒரு கிழவர் இருமி இருமி ஒரு நாள் இருமல் நின்றுபோனது, ஒப்பாரி கேட்டது, இங்கே அவர் மகன்கள் தலையை மழித்துக்கொண்டார்கள். புறப்பட்டபோது கைக்குழந்தையாக வீறிட்ட ஒன்று வார்த்தை பேசியது. இரண்டாவது வருஷம் தை மாதம் வண்டிக்குள்ளிருந்து குலவைச் சத்தம் கேட்டது. முத்துராக்குவின் மகள் சிவபாக்கியம், டைப்ரைட்டிங் பரீட்சை எழுதிவிட்டு அந்த வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தவள், லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. என்ன ஆட்கள், என்ன வகையறா என்று பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். வண்டிக்குள் அவர்கள் நாட்டாண்மை செல்லாது என்பது எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் திருப்தியாக இருக்கிறது.

அடுத்த வருஷம் சிவபாக்கியம் தாலாட்டுப் பாடினாள். ஒரு நாள், “ஏ முத்துராக்கு, சன்னல்ல கைய நீட்டாத” என்று அவள் குரல் அதட்டியபோது, கொடியோடு நின்ற முத்துராக்கு சட்டென்று தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிள்ளைக்குத் தன் பேரை வைத்திருக்கிறாள் என்று புரிந்ததும் தண்டவாளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்து சிரித்துச் சிரித்து அழுதாள். அதற்குப் பிறகு அவள் கேட்டைப் பெருக்குவது, கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது, விளக்குத் துடைப்பது எல்லாம் பேத்தி வந்து இறங்கப்போகிற வீட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற மாதிரி இருக்கும்.

என் ஆத்தா அதிகம் பேச மாட்டாள். தாய்வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள். அவள் தினமும் சொன்னது ஒன்றுதான், பக்கத்திலிருந்த யாரிடமோ, அலுத்துப்போன குரலில்: “பிள்ளைக பசியோட இருக்கும்.” எனக்கு அம்மா என்றால் அந்த ஒரு வாக்கியம். என் அண்ணன்மார் சேதுவும் மாயழகும் என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் சொல்லி முடித்ததும், “சாப்ட்டோம்த்தா” என்று ஒன்றாகக் கத்துவார்கள். வண்டியில் இருந்தவர்களுக்கு எங்கள் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் வேறு ஏதாவது பேசியிருப்பாள் இல்லையா.

ஏழாவது வருஷம் ஐப்பசியில் பெரிய மழை பெய்தது. கூத்தன்ஓடை கரை புரண்டு, சுற்றிப் போகிற பாதையும் தண்ணீருக்குள் போய்விட்டது. மேற்குப் பக்கக் கிணற்றில் வெள்ளம் கலந்து, நாலாம் நாள் வாந்திபேதி கிளம்பியது. ஆஸ்பத்திரி கிழக்கே, கண்ணுக்கு எதிரே, அதன் வாசலில் சேவல் மேய்வது கூடத் தெரிகிற தூரத்தில் இருந்தது. டாக்டரம்மா கமலவேணி மழையில் நனைந்துகொண்டு கேட்டின் அந்தப் பக்கம் நின்று, “தண்ணியக் கொதிக்க வச்சுச் சீனியும் உப்பும் போட்டுக் குடுங்க, நிறுத்தாமக் குடுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினார். உப்புக்கு எங்களிடம் குறைவில்லை. சீனி இரண்டாம் நாளே தீர்ந்துபோனது. அவர் எறிந்த மருந்துப் பொட்டலங்கள் அவர் காலடியிலேயே விழுந்தன, மறுபடி எறிந்தார், மறுபடி விழுந்தன. ஒரு வாரத்தில் பதினோரு பேர் செத்தார்கள். எட்டாவது சேது. பத்தாவது மாயழகு. அப்பா இரண்டு பேரையும் உப்புக் களத்தில் ஒரே குழியில் வைத்தார், ஏனென்றால் இரண்டாவது குழி வெட்ட அவருக்குக் கையில் தெம்பு இல்லை.

ஞானாபரணம் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். ஓய்வு பெற்ற பிறகு சொந்த ஊருக்குப் போகாமல் கிழக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில் தங்கி, தினமும் மாலையில் பழைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கேட்டருகே வந்து, யாரிடமும் பேசாமல் நின்றுவிட்டுப் போகிறவர். செய்த தப்பு ஆளை அரித்து எலும்பாக்கியிருந்தது.

“ஏம்மா முத்துராக்கு” என்று அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். “ஒரு வழி இருக்கு. இத்தன வருசம் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“சொல்லுங்கய்யா” என்றாள் அவள்.

“ஸ்டேஷன மூடியாச்சு, என் கையெழுத்து செல்லாது. ஆனா கேட்ட மூடல. உன் ரிஜிஸ்டரு உசுரோட இருக்கு. வண்டி கடந்துச்சு, கடைசிப் பெட்டியப் பாத்தேன்னு நீ எழுதினா லைன் காலி. கேட்டு தெறந்துரும்.”

“அப்ப வண்டி?”

ஞானாபரணம் தெற்கே வளைவைப் பார்த்தார். “வந்துருச்சுன்னு எழுதின வண்டி அப்புறம் எப்படிம்மா வரும்? வழியிலயும் இருக்காது, இங்கயும் இருக்காது. எங்கயும் இருக்காது.”

ஊரே கேட்டருகே கூடிவிட்டது. வண்டிக்குள் பிறந்ததையும் செத்ததையும் கூட்டிக் கழித்து அப்போது முப்பத்தாறு உயிர் இருந்தது. மேற்கே படுத்துக் கிடந்தவர்கள் நாற்பதுக்கு மேல். அந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு முகமும் அதைப் போட்டுக்கொண்டிருந்தது. வண்டியில் ஆள் இல்லாதவர்கள் எழுதச் சொன்னார்கள். வண்டியில் ஆள் இருந்தவர்கள், எழுதினால் உன் கையை முறிப்போம் என்றார்கள். முத்துராக்கு ரிஜிஸ்டரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, “நான் கண்ணால பாக்காம எழுத மாட்டேன். எம் பிள்ளையையும் பேத்தியையும் என் கையாலயே அழிக்கச் சொல்றீகளா? வேற ஆளப் பாருங்க” என்று தகர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று ராத்திரி எனக்கும் பேதி கண்டது. மறுநாள் மதியத்துக்குள் என் கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கி, நாக்கு மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அந்தத் தகரக் கதவின் முன்னால் நின்றார். அவர் தட்டவில்லை.

“அக்கா, நான் சாத்தையா.”

அப்பா நெற்றியைத் தகரத்தில் சாய்த்துக்கொண்டார்.

“எனக்கும் அந்த வண்டியில ஆளு இருக்குக்கா. சோலையம்மா கொரலக் கேக்காம எனக்குச் சோறு எறங்காது, ஒனக்கே தெரியும். ரெண்டப் புதைச்சிட்டேன். பிள்ளைக பசியோட இருக்கும், பசியோட இருக்கும்னு அவ தெனமும் சொல்றா, எந்தப் பிள்ளைகளச் சொல்றா? இது ஒண்ணுதான் மிச்சம். நாளைக்கு இதையும் கொண்டு போயி உப்புக்குள்ள வச்சிட்டு, சாயங்காலம் வந்து அவ அப்படிச் சொல்றதக் கேட்டுக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமாக்கா?”

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முத்துராக்கு என்னைப் பார்த்தாள். என் கன்னத்துத் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டுப் பார்த்தாள், அது எழுந்த இடத்திலேயே நின்றது.

“அஞ்சு நாப்பது வரைக்கும் பொறு தம்பி” என்றாள். “ஒரு தடவ கேட்டுட்டு எழுதிர்றேன்.”

சேதி இரண்டு பக்கமும் பரவியது. சண்டை போட்டவர்களுக்கு அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை, அவர்கள் வீடுகளிலும் பாயில் ஆட்கள் கிடந்தார்கள். ஒன்றை மட்டும் பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். எழுதுகிற நேரத்தில் யாரும் தெற்கே பார்க்கக் கூடாது. பார்த்தால் மனம் தாங்காமல் யாராவது ஓடி வந்து அவள் கையைப் பிடிப்பார்கள். கிழக்கிலும் மேற்கிலும் அத்தனை பேரும் வடக்கே, கழியைப் பார்த்துத் திரும்பி நின்று, தலையில் துண்டையும் முந்தானையையும் போட்டு முகத்தை மூடிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். சவத்தைக் குழிக்குள் இறக்கிய பிறகு திரும்பிப் பார்க்காமல் போவது எங்கள் வழக்கம். அதையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள்.

மழை விட்டிருந்தது. அப்பா கேட்டின் குறுக்குமரத்தை ஒட்டி, திறந்தவுடன் ஓடுவதற்காகக் கிழக்கே பார்த்து நின்றார். டாக்டரம்மா மறுபக்கம் பாட்டிலும் குழாயுமாக நின்றவர், ஊர் சொன்னதற்குக் கட்டுப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஞானாபரணம் முழங்காலில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். முத்துராக்கு தண்டவாளத்தின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ரிஜிஸ்டரை விரித்து, பேனாவைத் திறந்துகொண்டாள். எனக்கு எட்டு வயது, நான் சாகக் கிடக்கிற பிள்ளை, என்னைத் திரும்பி நில் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அப்பாவின் தோளில் என் தலை தெற்கே பார்த்துக் கிடந்தது.

ஐந்து நாற்பதுக்குத் தண்டவாளம் அதிர்ந்தது. ஊதல் கேட்டது. தடதடவென்று பெட்டிகள் வருகிற சத்தம் வளைவை நெருங்கியது. ஒரு ஆண் குரல், “ஏய், மூட்டையெல்லாம் எடுத்துக்கங்கப்பா” என்றது. இது புதிது. ஆறு வருஷத்தில் யாரும் மூட்டையை எடுக்கச் சொன்னதில்லை. முகத்தை மூடி நின்ற கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது, அதை யாரோ பல்லைக் கடித்து அடக்கினார்கள். அப்புறம் அந்தச் சின்னக் குரல், சின்ன முத்துராக்குவின் குரல், “ஆத்தா, கேட்டு தெரியுது! யாரோ வெள்ளச் சேல கட்டி உக்காந்திருக்காக” என்றது.

முத்துராக்குவின் பேனா நின்றது. அவள் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் எழுத மாட்டாள் என்று அவளுக்கே தெரியும். “தம்பி, பிள்ள மூச்சு விடுதா?” என்று குனிந்தபடியே கேட்டாள். அப்பா, “விடுதுக்கா, சீக்கிரம்” என்றார். அவள் எழுதினாள். எழுதும்போது ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். அஞ்சு நாப்பத்தொண்ணு. வண்டி கடந்தது. கடைசிப் பெட்டி பார்த்தேன்.

சத்தம் பாதியில் அறுந்தது. கேட் மரம் தானாக ஆடி மேலே ஏறியது. அப்பா ஓடினார். அவருக்குப் பின்னால் பாயோடும் கட்டிலோடும் மேற்கு முழுவதும் ஓடியது. அன்று இரவுக்குள் நாற்பத்துமூன்று பேருக்குச் சலைன் ஏற்றினார்கள், அதில் இரண்டு பேர் தவிர மற்றவர்கள் பிழைத்தோம்.

மூன்று வாரத்தில் இலாகா ஆட்கள் வந்து தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். கேட்டையும் மூடி, முத்துராக்குவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியில் போனவர்களுக்குக் கருமாதி செய்யலாமா என்று பூசாரியைக் கேட்டால், வந்து சேர்ந்ததாக எழுதினவர்களுக்கு எப்படிச் செய்வது என்று அவர் பின்வாங்கினார். இறப்புச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனவர்களிடம், “முழு வண்டியும் ஆனைக்கழியில வந்து சேந்துருச்சுன்னு இருக்கே, எறங்கினவங்கள ஊர்ல தேடுங்க” என்றார்கள். ஓட்டர் லிஸ்டில் என் ஆத்தாவின் பேர் இன்றைக்கும் இருக்கிறது. அப்பா மறுகல்யாணம் செய்துகொள்ள முடியாமலே, செய்துகொள்ள ஆசையும் இல்லாமலே போய்ச் சேர்ந்தார். மாலை ஐந்து நாற்பது ஆனால் ஊரில் யாரும் யாரோடும் பேச மாட்டோம், கையில் ஏதாவது வேலையை எடுத்துக்கொள்வோம்.

முத்துராக்கு அத்தை அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் இருந்தாள். எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்த சமயம், ஒரு நாள் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிள்ளையை மடியில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“ஒங்கப்பன் சாகும்போது எங்கிட்ட ஒண்ணு சொன்னான்” என்றாள். “நான் எழுதையில ஒந் தல அவன் தோள்ல நிமிந்துச்சாம். தெக்க பாத்து நிமிந்துச்சாம். ஊர்ல அத்தன பேரும் மூடிக்கிட்டாக, நான் குனிஞ்சுக்கிட்டேன். நீ ஒருத்திதான் பாத்திருக்க. மறைக்காமச் சொல்லு இருளாயி, ஏதும் வந்துச்சா?”

“வெறும் தண்டவாளந்தான் அத்தை” என்றேன். “ஒண்ணும் வரல. வழக்கம் போலச் சத்தம் மட்டுந்தான்.”

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். “அப்பச் சரி” என்றாள். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூழ் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அந்தக் கார்த்திகையில் தூக்கத்திலேயே செத்துப்போனாள்.

வண்டி வந்தது. வளைவைத் தாண்டி இஞ்சின் வந்தது, அதன் கறுத்த முகத்தில் மழைத்தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. முதல் பெட்டியின் சன்னலில் ஒரு சின்னக் கை நீண்டிருந்தது. இரண்டாவது பெட்டியின் வாசலில் ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இறங்குவதற்குத் தயாராகக் கம்பியைப் பிடித்து நின்றாள். அவள் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, ஆனால் அவள் வாய் அசைந்ததும், ‘பிள்ளைக பசியோட இருக்கும்’ என்று என் காதில் விழுந்ததும் ஒன்றாக இருந்தன. அவள் கூட்டத்தில் யாரையோ தேடினாள். கேட்டுக்கு இன்னும் ஐம்பது அடிதான் இருந்திருக்கும், ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. பேனா ‘கடைசிப் பெட்டி’ என்ற வார்த்தைக்கு வந்திருந்தது. நிறுத்து அத்தை என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும். நாக்கு கட்டையாகிவிட்டது, சத்தம் வரவில்லை என்று எனக்கு நானே இத்தனை வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டேன், அது பொய். கேட் ஏறினதும் டாக்டரம்மாவைப் பார்த்து நான் தண்ணீர் கேட்டேன், ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்திக் கேட்டேன். எனக்குக் குரல் இருந்தது. எனக்கு ரொம்பத் தாகமாக இருந்தது.